குரோமோசோம் டெஸ்டில் எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வந்திருக்கிறது, கேன்சர் வருமா?

போச்சம்பள்ளி மாந்தோப்பு
மே 27, இரவு 11.20

வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 33. கல்யாணம் ஆகி நாலு வருஷம், குழந்தை இல்லை. இந்த நாலு வருஷமும் எல்லா டெஸ்டும் என் மனைவிக்குத்தான் எடுத்தார்கள். கோயில், விரதம், நாட்டு மருந்து, எதுவும் பாக்கியில்லை. எனக்கு விந்து டெஸ்ட் எடுத்ததே இந்தப் பொங்கல் கழித்துத்தான். உயிரணு ஒன்றுகூட இல்லை. ஹார்மோன் பார்த்தார்கள், விரையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ரொம்ப அதிகம், ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் குறைவு. அப்புறம் குரோமோசோம் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 47, எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வந்திருக்கிறது. கிளைன்ஃபெல்டர் சின்ட்ரோம் என்றார் டாக்டர். "பயப்பட ஒன்றுமில்லை, ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி முடித்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். அங்கேதான் தப்பு நடந்தது. மார்பகப் புற்றுநோய் 50 மடங்கு என்று ஒரு இடத்தில், 20 மடங்கு என்று இன்னொரு இடத்தில். நெஞ்சுக்குள் கட்டி வரும், ரத்தப் புற்று வரும் என்று வேறு போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மார்பு கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதற்காகப் பட்ட கேலி கொஞ்சமில்லை. இப்போது அதிலேயே கேன்சர் என்றால் என்ன செய்வது? தோப்பில் காய் இறங்கும் நேரம், தூக்கம் போய்விட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம் லாரி
மே 27, இரவு 11.48

தம்பி, முதலில் போனைத் தூக்கி ஓரமாக வை. இந்த விஷயம் தெரிந்த ரெண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள், காலையில் வருவார்கள். 50 மடங்கு என்றால் என்ன என்பதை லேப் தம்பி வந்து சொல்வான். நீ தூங்கு.

ஓசூர் லேப்
மே 28, காலை 7.05

அண்ணா, ஏழு வருஷம் குரோமோசோம் லேபில் வேலை பார்த்தவன் நான், டாக்டர் இல்லை. ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், அது தெரிந்தால் பாதி குழப்பம் போகும்.

உங்கள் ரத்தம் பச்சை மூடி ட்யூபில் போயிருக்கும். அதில் உள்ள வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்ப்போம். அவை இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்து கால்சிசின் போட்டு நிறுத்தி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோமை எண்ணுவோம். சாதாரணமாக 46. ஆணுக்கு அதில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். உங்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதல், அதனால் 47. ரிப்போர்ட்டில் சதுர அடைப்புக்குள் 20 அல்லது 30 என்று ஒரு எண் இருக்கும், எத்தனை செல் எண்ணினார்கள் என்பது அது. எல்லாவற்றிலும் 47 என்றால் முழு எக்ஸ்எக்ஸ்ஒய். சிலதில் 46, சிலதில் 47 என்றால் மொசைக். உங்களுடையது எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இது அபூர்வமான விஷயம் இல்லை. 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும், பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. போச்சம்பள்ளி சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆம்பிளை நடமாடுகிறார்கள்? நீங்கள் ஒருவர் மட்டும் என்று நினைக்கிறீர்களா? பொஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற டாக்டர் ஒன்பது பேரைப் பார்த்து 1942இல் எழுதியது. காரணம் கூடுதல் எக்ஸ் என்று ஸ்காட்லாந்தில் பெட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கண்டுபிடித்தது 1959இல்.

கேன்சர் கணக்கை மத்தியானம் எழுதுகிறேன், ஷிஃப்ட் இருக்கிறது.

பென்னாகரம் மூலிகை
மே 28, காலை 9.30

சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி வரும். அத்தை பெண், அக்கா பெண் என்று கட்டிக் கட்டி நம் மாவட்டமே கெட்டுப்போச்சு. என்னிடம் ஒரு லேகியம் இருக்கு, கட்டி எதுவாக இருந்தாலும் 48 நாளில் கரையும். போன் நம்பர்

[நெறியாளர்: போன் நம்பர் நீக்கப்பட்டது. மருந்து விற்பனைக்கு இங்கே இடமில்லை. இது இரண்டாவது எச்சரிக்கை.]

பாப்பாரப்பட்டி அக்கா
மே 28, காலை 10.15

மேலே சொன்னவருக்கு: சொந்தத்தில் கட்டுவதால் வரும் வியாதிகள் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. 31 வருஷம் நர்ஸாக இருந்து அந்தக் குழந்தைகளைக் கையில் ஏந்தியவள் நான். ஆனால் இது அந்த வகை இல்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது எக்ஸ் சரியாகப் பிரியாமல் போவதால் வருவது இது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அம்மா பக்கத்திலிருந்து, பாதிப் பேருக்கு அப்பா பக்கத்திலிருந்து. தலைமுறையாக இறங்குவதில்லை. கிரகணத்தில் வெளியே வந்தது, அம்மா எதையோ தின்றது, எதுவும் காரணமில்லை. தம்பி, உன் அம்மாவை யாரும் குறை சொல்ல விடாதே. உன் பெண்டாட்டியை நாலு வருஷம் குறை சொன்னது போதும்.

சின்ன வயதில் ஒருவருக்கும் இது பிடிபடாது. உயரமாக இருப்பான், கால் நீளம், தாடி சரியாக வராது, விரை சின்னதாகக் கெட்டியாக இருக்கும். நம் ஊரில் அந்த இடத்தை எந்த டாக்டரும் பார்ப்பதில்லை, எந்தப் பையனும் காட்டுவதில்லை. அதனால் கல்யாணம் ஆகிக் குழந்தை இல்லை என்று போகும்போதுதான் வெளியே வருகிறது.

ஓசூர் லேப்
மே 28, மதியம் 2.40

கணக்கு. பொறுமையாகப் படியுங்கள் அண்ணா.

இதில் பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது, 2005இல் வெளியானது. எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ள 3,518 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மார்பகப் புற்று வருவது மற்ற ஆண்களைவிட 19 மடங்கு, அதனால் சாவது 58 மடங்கு என்று வந்தது. நீங்கள் பார்த்த 20ம் 50ம் இங்கிருந்துதான், அல்லது இதே மாதிரி வேறு கணக்கிலிருந்து வந்திருக்கும்.

இப்போது அந்த 58 மடங்குக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பாருங்கள். ஐந்து பேர். 3,518 பேரில் ஐந்து சாவு. சாதாரண ஆண்களில் அதே அளவு கூட்டத்தில் எதிர்பார்ப்பது ஒரு ஆளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்களுக்கு மார்பகப் புற்று அவ்வளவு அபூர்வம், அதனால் ஐந்து என்பது 58 மடங்காகத் தெரிகிறது. மொத்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்தான்.

சாதாரண ஆணுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மடங்கு என்றால் ஆயிரத்தில் 20. மீதி 980 பேருக்கு வராது. உங்கள் மனைவி, அக்கா, தங்கைக்கு உள்ள வாய்ப்பைவிட இது குறைவு. அவர்கள் அதற்காகத் தூங்காமல் இருக்கிறார்களா?

ஒன்றை மறைக்கக் கூடாது. மொசைக் வகையில் இது இன்னும் அதிகம் என்று அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது இன்னும் கொஞ்சம் பேரை வைத்து எடுத்த எண். அதனால்தான் அடைப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு
மே 28, இரவு 9.55

தம்பி, இப்போதுதான் சாப்பிட உட்கார முடிந்தது. ரிப்போர்ட்டில் [20] என்று இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. மொசைக் என்ற வார்த்தையே இல்லை. ஐந்து பேர் என்று நீ சொன்னதைப் பத்துத் தடவை படித்தேன். ஆனால் அந்த ஐந்தில் ஒருத்தனாக இருந்தால் என்று மனசு கேட்கிறதே.

காரிமங்கலம் லாரி
மே 29, அதிகாலை 4.10

தொப்பூர் கணவாயில் நிற்கிறேன், முன்னால் ஒரு வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, நகர வழியில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் சித்தப்பாவுக்கு மார்பில் புற்று வந்தது. ஆம்பிளைக்குத்தான் சொல்கிறேன். அவருக்கு எக்ஸ்எக்ஸ்ஒய் இருந்திருக்காது, மூன்று பிள்ளை பெற்றவர். காம்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. வலி இல்லை. ராகி அறுப்பில் அடிபட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. எப்போதும் தோளில் துண்டு போட்டிருப்பார், அந்தத் துண்டை அந்தப் பக்கமாக இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். குளிக்கும்போதுகூட எடுக்கமாட்டார். சித்திக்கே தெரியாது. காம்பு உள்ளே இழுத்து, புண்ணாகி, சீழ் வைத்து, பனியனில் கறை பட்ட பிறகுதான் துணி துவைத்த சித்தி பிடித்தாள்.

கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒருத்தர் சிரித்தார். "ஆம்பிளைக்கு ஏதுய்யா மார்பு" என்று கேட்டார். எந்த இடம் என்று எழுதமாட்டேன். புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினார்கள். அதில் இன்னும் இரண்டு மாதம் போனது. கடைசியில் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொண்டுபோனோம். மார்பை எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், மாத்திரை ஐந்து வருஷம். ஆறு வருஷம் இருந்தார். முதல் வருஷத்திலேயே போயிருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை தம்பி. நீ அந்த ஐந்து பேரில் ஒருத்தனா என்று என்னால் சொல்ல முடியாது. துண்டை மட்டும் இழுத்து விட்டுக்கொள்ளாதே.

வண்டி நகருது.

அரூர் தாய்
மே 29, காலை 11.00

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகனுக்கு 16 வயது. போன வருஷம் இதே எக்ஸ்எக்ஸ்ஒய் என்று கண்டுபிடித்தார்கள். படிப்பில் மந்தம், ரொம்ப உயரம், மார்பு எடுப்பாக இருந்தது, அதற்காகப் பார்க்கப் போய்த்தான் தெரிந்தது. வீட்டில் அவன் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அண்ணன் எழுதியதில் நெஞ்சுக்குள் கட்டி என்று ஒன்று வருகிறது. என் மகனுக்கு ஒரு மாதமாக இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. டிபியாக இருக்கும் என்று சளி டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்துவிட்டது. இருமல் மட்டும் நிற்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பாப்பாரப்பட்டி அக்கா
மே 29, காலை 11.25

அம்மா, நல்ல வேளை எழுதினாய். நாளைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல். போகும்போது குரோமோசோம் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ, அதை டாக்டர் கண்ணில் காட்டு. சும்மா இருமல் என்று சொன்னால் இருமல் மருந்துதான் தருவார்கள். பெரும்பாலும் அலர்ஜியோ ஆஸ்துமாவோதான் இருக்கும். ஆனாலும் எக்ஸ்ரே பார்த்துவிட வேண்டும்.

ஓசூர் லேப்
மே 29, மதியம் 1.10

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. எக்ஸ்எக்ஸ்ஒய் பையன்களுக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவில், இரண்டு நுரையீரலுக்கும் இடையில், ஜெர்ம் செல் கட்டி என்று ஒன்று வர வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. விரையில் வர வேண்டிய வகைக் கட்டி இடம் மாறி நெஞ்சில் வருவது. வந்தால் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் முப்பதுக்குள். இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சில சின்னப் பையன்களுக்கு வயதுக்கு முன்னாலேயே மீசை, குரல் உடைவது. இங்கேயும் அதே கணக்குதான், மூலம் ரொம்பச் சின்ன எண், அதனால் பெரிய மடங்காகத் தெரியும். வருகிறவர்கள் மிகச் சிலர்.

எக்ஸ்ரேயில் நடுவில் அகலமாகத் தெரிந்தால் சிடி எடுப்பார்கள். கூடவே ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி என்று இரண்டு ரத்த டெஸ்ட். பீட்டா ஹெச்சிஜி என்றால் கர்ப்பத்துக்குப் பார்ப்பதாயிற்றே, பையனுக்கு எதற்கு என்று லேபில் யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள், எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். இந்தக் கட்டிக்குக் கீமோவும் ஆபரேஷனும் உண்டு. சீக்கிரம் பிடித்தால் நல்லது.

போச்சம்பள்ளி அண்ணா, உங்களுக்கு 33. இந்தக் கட்டி வரும் வயதைத் தாண்டிவிட்டீர்கள் என்றே சொல்லலாம்.

விரையிலேயே வரும் புற்று எக்ஸ்எக்ஸ்ஒய் ஆட்களுக்கு அதிகம் இல்லை. விரை இறங்காமல் வயிற்றிலேயே தங்கியிருந்தால் மட்டும் அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பிராஸ்டேட் புற்றால் அந்த 3,518 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்ததற்கு அந்த ஒரு லாபம்.

பாப்பாரப்பட்டி அக்கா
மே 30, காலை 9.40

மார்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. எக்ஸ்எக்ஸ்ஒய் ஆட்களில் நிறையப் பேருக்கு மார்பு எடுப்பாக இருக்கும். ஹார்மோன் தராசு பெண் பக்கம் கொஞ்சம் சாய்வதால் வருவது. அந்தச் சுரப்பிச் சதை இருப்பதும் அந்தத் தராசும்தான் புற்றுக்கும் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் எடுப்பான மார்பெல்லாம் புற்று இல்லை. சாதாரணச் சதை காம்புக்கு நேர் கீழே வட்டமாக, ரப்பர் மாதிரி இருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும், தொட்டால் வலிக்கவும் செய்யும். புற்று கல் மாதிரி கெட்டி, காம்பை விட்டு ஒரு ஓரமாக, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், நகராது, வலிக்காது. காம்பு உள்ளே இழுப்பது, ரத்தமாகக் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, ஆறாத புண், இதில் எது வந்தாலும் ஒரு நாள் தள்ளக் கூடாது.

மாதம் ஒரு தடவை குளிக்கும்போது சோப்புக் கையோடு இரண்டு பக்கமும், அக்குளும், தடவிப் பார். இரண்டு நிமிஷம். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆட்கள் எல்லாருக்கும் வருஷா வருஷம் மேமோகிராம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில்லை. வீட்டில் அக்கா, அம்மாவுக்கு மார்பகப் புற்று இருந்தால் மட்டும் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்புப் பரிசோதனை உண்டு. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவமே 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். ஆனால் ஒரு ஆம்பிளை போய் என் மார்பைப் பாருங்கள் என்று கேட்டால் நர்ஸே முழிப்பாள். முழிக்கட்டும். நான் வேலையில் இருந்தபோது ஒருத்தர் வந்திருந்தால் நானும் முழித்திருப்பேன்.

காரிமங்கலம் லாரி
மே 30, இரவு 8.20

பீடியை யாரும் சொல்லவில்லையே?

ஓசூர் லேப்
மே 30, இரவு 8.50

சொல்ல மறந்தது. நுரையீரல் புற்றால் சாவது அந்த ஆய்வில் ஒன்றரை மடங்கு. மடங்கு சின்னதாகத் தெரியும், ஆனால் நுரையீரல் புற்று நிறையப் பேருக்கு வருவது, அதனால் ஆள் கணக்கில் இதுதான் பெரிது. மார்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே பீடி வலிப்பவனை என்ன சொல்ல? லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிப் புற்றும் கொஞ்சம் கூடுதல், ஏறக்குறைய மூன்றரை மடங்கு. கழுத்தில், அக்குளில் நெறி கட்டி வாரக்கணக்கில் இறங்காவிட்டால் காட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், எக்ஸ்எக்ஸ்ஒய் உள்ளவர்களை அதிகம் படுத்துவது கேன்சர் இல்லை. சுகர், எலும்பு தேய்வு, காலில் ரத்தம் உறைவது. லாரி அண்ணா மாதிரி மணிக்கணக்கில் உட்காரும் வேலை என்றால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு
மே 31, இரவு 10.30

பீடி இல்லை. எப்போதாவது சிகரெட், அதையும் விட்டுவிடுகிறேன். ஊசியைப் பற்றி ஒரு கேள்வி. டெஸ்டோஸ்டிரோன் போட்டால் அதனாலேயே கேன்சர் வரும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொல்கிறார். (அவரிடம் முழு விஷயத்தையும் சொல்லவில்லை, உடம்பு சோர்வுக்கு என்று சொன்னேன்.)

பாப்பாரப்பட்டி அக்கா
ஜூன் 1, காலை 6.50

குறைவாக இருப்பதைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் அந்த ஊசி. எலும்புக்கும், தெம்புக்கும், மனசுக்கும் நல்லது. ஏற்கனவே மார்பிலோ பிராஸ்டேட்டிலோ புற்று இருப்பவர்களுக்குப் போடமாட்டார்கள். அதனால் தொடங்கும் முன் மார்பைத் தொட்டுப் பார்க்கச் சொல். போட ஆரம்பித்த பிறகு ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது டெஸ்ட் உண்டு, வயதானால் பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்டும்.

ஆனால் தம்பி, அவசரப்பட்டு ஊசி போட்டுவிடாதே. குழந்தை வேண்டும் என்றால் அதை முதலில் பேசு. விந்தில் உயிரணு இல்லாவிட்டாலும் விரையிலிருந்து மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது, மைக்ரோ டீஸே என்பார்கள். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 46தான் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச உயிரணு உற்பத்தியும் நின்றுவிடும். எந்த டாக்டர் முதல் நாளே ஊசி எழுதினாரோ அவரிடம் இதைக் கேள்.

அரூர் தாய்
ஜூன் 3, மாலை 5.15

எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு நடுவில் ஒன்றும் இல்லை. ஆஸ்துமா என்று பஃப் கொடுத்திருக்கிறார்கள். குரோமோசோம் ரிப்போர்ட்டை நீட்டியதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். ஆறு மாதத்தில் ஹார்மோனும் பார்க்க வரச் சொன்னார். எல்லாருக்கும் நன்றி. நேற்றுதான் மகனிடம் முழுசாகச் சொன்னேன். "அதனாலதான் பசங்க கிண்டல் பண்றாங்களா" என்று கேட்டான், அப்புறம் வெளியே விளையாடப் போய்விட்டான்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு
ஜூன் 6, மதியம் 3.00

இது அவர் மனைவி எழுதுவது. அவர் போனை விட்டுவிட்டு மண்டிக்குப் போயிருக்கிறார். லாரி அண்ணா எழுதியதைப் படித்தேன். இவரும் துண்டு போடுகிறார். இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி நானே தொட்டுப் பார்த்தேன். காய் சீசன் முடியட்டும் என்கிறார். திங்கட்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். காய் கிடக்கட்டும்.

காரிமங்கலம் லாரி
ஜூன் 6, மதியம் 3.20

கூட்டிப் போம்மா. வர மாட்டேன் என்றால் எனக்குச் சொல், கிருஷ்ணகிரி வழியாகத்தான் வண்டி போகிறது.

போச்சம்பள்ளி மாந்தோப்பு
ஜூன் 17, இரவு 9.10

நான்தான். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். ஒரு வாரம் காத்திருந்தோம். சுரப்பிச் சதையும் கொழுப்பும்தானாம், புற்று இல்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறோம், மைக்ரோ டீஸேவுக்கு எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் அம்மாவிடமும் சொல்லிவிட்டோம். அவர் என் மனைவியிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் இரண்டு நாளாக அவரே தண்ணீர் எடுத்து வைக்கிறார்.

பாப்பாரப்பட்டி அக்கா
ஜூன் 17, இரவு 9.35

நல்லது தம்பி. இந்த ரிப்போர்ட்டையும் குரோமோசோம் ரிப்போர்ட்டையும் ஒரே பையில் வை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், அந்தப் பை கூட வர வேண்டும்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு
ஜூன் 17, இரவு 9.50

மண்டிக் கணக்கு நோட்டோடு வைத்திருக்கிறேன் அக்கா. அது தொலைந்தால்தான் வீட்டில் எல்லாரும் தேடுவார்கள்.